பதினேழு பேரில் ஒருவர்

செஞ்சி தாண்டிப் பஸ் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அறிவுமதி இறங்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தன்னுடைய படத்தின் பதினோரு விநாடியை ஏழாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் இயக்கிய முதல் படம். ஆறு வருஷம் இழுத்தடித்து, நேற்று வெள்ளிக்கிழமைதான் தியேட்டருக்கு வந்தது. அன்று சாயந்திரமே டெலிகிராமிலும் வந்துவிட்டது. தலைச்சன் பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்னாலேயே ஊரார் தூக்கிக்கொண்டு போன மாதிரி. சென்னை நண்பர்கள் போன் செய்து திட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள், ஒரு புண்ணியவான் 'திருட்டுக் காப்பியிலயே இவ்ளோ நல்லா இருக்குடா' என்று பாராட்டவும் செய்தான். அறிவுமதிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது மனசு. தொட்டால் தொட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை.

காலையில் தயாரிப்பாளர் திருமலை கூப்பிட்டிருந்தார்.

"அறிவு, காப்பி எங்கேர்ந்து போச்சுனு தெரிஞ்சுபோச்சு. படத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு வச்சிருக்கோம் இல்ல, அது காட்டிக் குடுத்துடுச்சு. உங்க ஊருதான். திருவண்ணாமலை. வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி ஆட்டம். மொத்தமே பதினேழு டிக்கெட். அந்தப் பதினேழு பேர்ல ஒருத்தன்."

"சார்."

"ஒரு குரல் கூட விழுந்திருக்கு. திரையில உன் பேர் வர்றப்ப எவனோ அதப் படிக்கிறான். அனுப்பறேன், கேளு. உங்க ஊர் ஆளு, உனக்குத் தெரியாம இருக்காது."

அனுப்பியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். காலித் தியேட்டரின் இரைச்சல். இசை அடங்குகிறது. எழுத்து, இயக்கம் என்று வருகிற இடம். அப்போது பக்கத்திலேயே ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரா. அறிவுமதீ…" என்கிறது. திருமலை சொன்ன மாதிரி அது படிக்கவில்லை, கூப்பிடுகிறது. முதலெழுத்துக்குப் பிறகு ஒரு மூச்சு இடைவெளி, கடைசியில் ஒரு இழுப்பு.

முதல் தடவையே தெரிந்துவிட்டது. மற்ற ஆறு தடவையும், இல்லையென்று ஆகிவிடாதா என்ற நப்பாசையில் கேட்டது.

அவனுடைய அப்பா ராமதாஸ், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்பு டவாலி, நெஞ்சில் பித்தளை வில்லை. திங்கட்கிழமை மனு நாளில் கதவருகே நின்று மனுக்காரர்களின் பேரைக் கூப்பிடுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷம் கூப்பிட்டார். காது மந்தமான கிழவிக்கும் கேட்க வேண்டும், அதட்டுகிற மாதிரியும் இருக்கக் கூடாது என்று அவராகப் பழகிக்கொண்ட இழுப்பு அது. வீட்டிலும் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார். "ரா. அறிவுமதீ, அடி அண்ணாமலை!" பையன் நோட்டை மனு மாதிரி இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "வந்துட்டேன் ஐயா!" என்று ஓட வேண்டும். வீட்டுப்பாடம் அப்படித்தான் நடக்கும்.

ஆபீசிலிருந்து ஒரு குண்டூசி அந்த வீட்டுக்கு வந்ததில்லை. பட்டா மாறிய சந்தோஷத்தில் ஒரு விவசாயி வைத்துவிட்டுப் போன வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர். அந்த மனுஷன்தான் திருடன்.

பஸ் கிளம்பியது. அறிவுமதி திருமலைக்கு ஒரு வரி அனுப்பினான். 'தெரியல சார். யாரோ.'

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி கோபியின் மொபைல் கடை இருக்கிறது. கோபி சித்தப்பா மகன், அறிவுமதியை விட இரண்டு வயது பெரியவன். கடைக்கு மேலே புத்தம் புது பிளக்ஸ். அறிவுமதியின் பழைய பாஸ்போர்ட் போட்டோவை ஆளுயரத்துக்கு இழுத்திருந்ததில் காது இரண்டும் அகன்று போயிருந்தன. 'எங்கள் ஊர் இயக்குநருக்கு வாழ்த்துகள்.'

"வாடா டைரக்டரு!" கோபி கடையை விட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டான். "படம் பாக்காத வீடே இல்ல தெரியுமா நம்ம ஊர்ல? நேத்து சாயந்திரத்துலேர்ந்து எரநூறு பேருக்கு ஏத்திக் குடுத்துட்டேன். ஒரு ரூபா வாங்கல, அண்ணாமலையார் மேல சத்தியமா. நம்ம புள்ள படத்துக்குப் போயி காசு வாங்குவாங்களா?"

"உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"பெரிப்பாதான். பெரிம்மாவுக்கு டிவியில போட்டுக் காட்டணும்னு போனை எடுத்துனு வந்தாரு. பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். நல்லா வந்திருக்கேனு ஊர் குரூப்புலயும் போட்டேன். அங்கேர்ந்து எவன் எடுத்துனு போனானோ, எங்கெங்கியோ சுத்துதாமே! பாரேன், உன் பேரு எவ்ளோ தூரம் போயிருக்கு!"

கள்ளம் கபடமில்லாத சந்தோஷம். இவனைச் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அறிவுமதிக்குத் தோன்றியது. ஆனால் கேட்க ஒரு யோக்கியதை வேண்டுமே. சினிமா என்றால் என்னவென்று அவன் கற்றுக்கொண்டதே இந்தக் கடையில்தான். காலேஜில் படித்த நாலு வருஷமும் சனிக்கிழமையானால் மெமரி கார்டை நீட்டுவான். கொரியாக்காரன் படம், ஈரான்காரன் படம் என்று கோபி நிரப்பித் தருவான். ஒரு படத்துக்காவது டிக்கெட் வாங்கியிருப்பானா? அதை எடுத்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு நாளாவது யோசித்திருப்பானா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஊற்றிக்கொண்டு தின்றான். இப்போது நெய் இவன் வீட்டு நெய். அவ்வளவுதான்.

"பிளக்ஸ் நல்லா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

வீட்டில் அம்மா ஜோதியம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து அவளுக்கு உலகம் அந்தக் கட்டிலும் எதிரே இருக்கிற டிவியும்தான். தியேட்டர் படி ஏறுவதெல்லாம் நடக்காத காரியம்.

"நாலு தரம் பாத்துட்டேன்டா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு பஸ்ஸ வுட்டுட்டு நடந்தே வருது பாரு, அங்க அழுதுட்டேன். எல்லாம் நம்ம ஊர் ரோடு மாதிரியே இருக்குது."

ராமதாஸ் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டார். எழுபதைத் தொடப்போகிறவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு வெட்கம்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம்டா. கைய எறக்கல. இன்டர்வெல்ல கூட எழுந்துக்கல, எழுந்தா எடம் மாறிடும் பாரு. கை ரெண்டும் மரத்துப் போயி, படம் முடிஞ்சு கீழ எறக்கினா அது என் கைனே தெரியல. டிக்கெட் கிழிக்கிற தம்பி பாத்துட்டு கிட்ட வந்தான். என் புள்ள படம்ப்பா, அவங்கம்மாவால வர முடியாதுனு சொன்னேன். சரிங்கய்யானு போயிட்டான். நல்ல புள்ள."

அம்மா ரிமோட்டை அழுத்தினாள். அறிவுமதி நாற்காலியில் உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்தான். ஆறு வாரம் இருட்டறையில் உட்கார்ந்து நிறம் திருத்திய படம், நீராகாரம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முன்னால் ஒருவர் தலை. ஓரத்தில் சிவப்பாய் ஏதோ ஒரு விளக்கு. அவன் பேர் வந்தது. கூடவே அந்தக் குரலும் வந்தது.

"பாரு, உங்கப்பா கூப்பிடறாரு," என்று அம்மா சிரித்தாள்.

"அது தெரியாம வந்துடுச்சு," என்றார் ராமதாஸ். "பேர இவ்ளோ பெருசா பாத்ததும் வாய் சும்மா இருக்கல. படத்துக்கு எடஞ்சலா இருக்குதா?"

"இல்லப்பா. நல்லாதான் இருக்கு."

இப்போது சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று பார்த்தான். சாப்பிட்டான். சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு படம் முழுக்க இடது பக்கம் சாய்ந்தே ஓடியது. அப்பாவின் இடது தோளில்தான் தைலம் வாசனை அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் திருமலை மறுபடி கூப்பிட்டார். அறிவுமதி வாசலுக்குப் போய்ப் பேசினான்.

"நாளையோட உங்க ஊர்ல படத்த எடுத்துடறாங்க. இன்னிக்கு நாலே பேருதான். மத்த ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான்." திருமலையின் குரலிலும் உயிர் இல்லை. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது அவரை. இந்தப் படத்துக்காக வீட்டை விற்றவர். "நாளைக்குச் சாயந்திரம் கம்ப்ளெயின்ட் குடுக்கறோம். டைரக்டருக்குத் தெரிஞ்சவங்கதான் எடுத்திருக்கணும்னு தியேட்டர்காரர் சொல்றாரு. அடுத்த படத்துக்குப் பணம் போடறவங்க, மொதல்ல இது யாருனு தெளிவுபடுத்துங்க, அப்புறம் கையெழுத்துங்கறாங்க. எனக்கு உன் மேல சந்தேகம் இல்ல அறிவு. ஆனா பேர் வேணும். பேர் குடுத்தா அடுத்த படம் நிக்கும். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியல சார்."

"நல்லா கேட்டியா? அந்தக் குரல் யாருதுனு உனக்கு நெஜமா தெரியல?"

"தெரியல சார்."

போனை வைத்துத் திரும்பினால் அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். கதவருகே நிற்பது அவருக்குப் பழகிப்போன இடம்.

"எந்தக் குரல்டா தெரியலங்கற?"

சொல்லக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தான். ஆனால் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. யார் வீட்டுச் செய்தியையோ பேப்பரில் வாசிப்பது மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். குறி, பதினேழு டிக்கெட், ஊர் குரூப், நாளைக்குக் கொடுக்கப்போகும் கம்ப்ளெயின்ட், மூன்று வருஷம் வரை ஜெயில் போடலாம் என்கிற சட்டம்.

"நம்ம படம்டா அது," என்றார் ராமதாஸ்.

"நம்மது இல்லப்பா. திருமலை சாரோடது."

"நீ எடுத்தது தானே?"

"நான் எடுத்ததுதான். தியேட்டர்ல உக்காந்து அத போன்ல புடிக்க எனக்கே உரிமை இல்ல."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "படம் போடறதுக்கு முன்னாடி எழுதிக் காட்டினாங்க. புடிக்கக் கூடாது, குத்தம்னு போட்டிருந்தாங்க. நான் படிச்சேன்டா. முழுசா படிச்சேன். வெளியாளுங்களுக்குச் சொல்றாங்கனு நெனச்சுட்டேன்."

உள்ளே அம்மா டிவியை அணைத்தாள். "அப்போ நான் பாத்தது திருட்டுப் படமா?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் பார்த்த ஒரே நல்ல விஷயம் அது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்களே, அந்தக் குரங்கு இப்போது அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது.

ராமதாஸ் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எத்தனையோ பேருடைய மனுவைத் திருத்திக் கொடுத்த கை. "பொருள் எழுத மறந்துட்ட பாரு, பொருள் இல்லாத மனு எங்கயும் நிக்காது," என்று மனுக்காரர்களிடம் பேனாவைக் கொடுத்துச் சொல்வார். அரை மணி நேரம் கழித்துத் தாளை மகனிடம் நீட்டினார்.

பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள். பொருள்: மகன் இயக்கிய திரைப்படத்தைத் திருடியது தொடர்பாக. 'ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எச்சரிக்கையைப் படித்த பிறகும், அது என்னைக் குறிக்காது என்று எண்ணிப் படத்தைச் செல்போனில் பதிவு செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் மகனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"கலெக்டருக்கு எதுக்குப்பா? இது அவங்க வேலையே இல்ல."

"எதுவா இருந்தாலும் திங்கக்கெழம மனு குடுக்கணும். எங்க அனுப்பணுமோ அவங்க அனுப்புவாங்க. எனக்குத் தெரிஞ்ச வழி அதான்."

"கோபி பேரு இல்லையே."

"அவன் கையில குடுத்தது நான்தானே."

அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான். அறிவுமதி இரண்டாவது தடவை படித்துவிட்டு, "தேதி போடலப்பா," என்றான். அப்பா வாங்கித் தேதி போட்டார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் வேங்கிக்காலுக்குப் போனார்கள். ராமதாஸ் சலவை வேட்டி கட்டியிருந்தார். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நூறு பேருக்கு மேல் வரிசை. கதவருகே மணிவேல் நின்றிருந்தான். ராமதாஸ் ஓய்வு பெற்றபோது அந்த டவாலியை வாங்கிக்கொண்டவன், அவரிடமே வேலை பழகியவன்.

"ஐயா! நீங்க இன்னாத்துக்கு வரிசையில நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க. நான் எடுத்துனு போயி குடுக்கறேன்."

"வேணாம் மணிவேலு. நம்பர்படி கூப்பிடு."

"பென்ஷன் விஷயமாங்க?"

"இல்லப்பா. மனுதான்."

மணிவேல் அறிவுமதியைப் பார்த்தான். அறிவுமதி சுவரைப் பார்த்தான். டோக்கன் நாற்பத்து மூன்று. இரண்டு மணி நேரம் நின்றார்கள். மணிவேலுக்கு அவசரம், பேர்களைக் கடகடவென்று விரட்டிக்கொண்டே போனான். பாதிப் பேருக்குத் தங்கள் பேர் காதில் விழவில்லை. "என்ன இப்படிக் கூப்பிடறான்," என்று ராமதாஸ் ஒரு தடவை முணுமுணுத்தார்.

நாற்பத்து மூன்று வந்தது. மணிவேல் தாளைப் பார்த்தான். கொஞ்சம் நின்றான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கற்றுக்கொடுத்தபடியே நிறுத்தி, மூச்சு விட்டு, நிதானமாகக் கூப்பிட்டான்.

"சி. ராமதாஸ்… அடி அண்ணாமலை."

ராமதாஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மனுவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். இரண்டு மணி பத்து நிமிஷம் போனைப் பிடித்திருந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். இடது கை கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது.

"வந்துட்டேன் ஐயா," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அறிவுமதி அந்தச் செருப்பைப் பார்த்தபடி நின்றான். மூன்று நாளாக மரத்துக் கிடந்தது அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. ஊசி விட்டுப் போன தாடை மாதிரி, முதலில் ஒரு ஓரமாக, பிறகு மொத்தமாக. படம் போனதற்காக அல்ல. அந்தக் குரலை மூன்று தடவை தெரியாது என்று சொன்னதற்காக வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருமலையைக் கூப்பிட்டான்.

"சார், அந்தக் குரல்."

"சொல்லு, யாரு?"

"எங்கப்பா சார்."

அறிவுமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மொத தடவ கேட்டப்பவே தெரியும் சார். பொய் சொல்லிட்டேன். அவரே மனு எழுதினு வந்து இங்க உள்ள குடுத்துனு இருக்காரு. நீங்க கம்ப்ளெயின்ட் குடுங்க, வேணாம்னு சொல்லல. அடுத்த படம் குடுங்கனும் கேக்கல. அதுக்காக இத சொல்லல சார்."

"அப்புறம் எதுக்குடா இப்ப சொல்ற?" திருமலையின் குரல் உடைந்திருந்தது.

வராந்தாவில் மணிவேல் அடுத்த பேரைக் கூப்பிட்டான். ஒரு கிழவி கும்பலைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அறிவுமதி அவளுக்கு வழிவிட்டு, அப்பாவின் செருப்பு மிதிபடாமல் காலால் ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அவர் என் பேரத்தான் சார் கூப்பிட்டாரு," என்றான். "கூப்பிட்டது யாருனு தெரியாதுனு சொல்ல முடியல."